வாய் கூடின பெட்டி

27 மே 2025, செவ்வாய்

காலையில் இருந்து ஒரே ஒரு மூலையோடு மல்லுக்கட்டு. மின்சுற்றுப் போர்டின் விளிம்பில் ஒரு செப்புக் கோடு திரும்பவேண்டும். சாதாரண போர்ட் என்றால் எப்படித் திருப்பினாலும் மின்சாரம் பேசாமல் போய்விடும். இருபத்து நாலு கிகாஹேர்ட்ஸில் அந்தக் கதை இல்லை. வளைவு கொஞ்சம் அகன்றாலும் றேடியோ அலை முட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பும். மற்றவர்களுக்கு ஒரு மில்லிமீற்றர், எனக்கு அது ஒரு றோட்டு.

கரண்ட் இரண்டு தரம் நின்றது. கீழே போன் திருத்துகிற பாயிஸ் நானா ஜெனரேற்றரைப் போட, மேலே என் மேசை, கதிரை, கணினி எல்லாம் சேர்ந்து ஆடின. படியில் நின்று கத்தினேன். "பிள்ளைக்கு இண்டைக்கும் காய்ச்சலோ?" என்று கேட்டுவிட்டு இன்னும் கூட்டி வைத்தார்.

என்ன வேலை என்று ஊரில் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: வள்ளத்துக் கம்பத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நான் வரைந்த போர்ட், ஒரு சின்ன றேடார். இருட்டில் ஏதும் குறுக்கே வந்தால் பெட்டி கத்தும். நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் பன்னிரண்டு வள்ளங்களில் பரீட்சைக்குப் பூட்டியிருக்கிறோம். அதில் ஒன்று அப்பாவுடையது. ஒழுங்காக ஓடினால் கரை முழுக்கப் போடுவோம் என்று கொழும்புக் கொம்பனி சொல்கிறது.

நேற்று அப்பாவின் பெட்டி லைற் இல்லாத றோலர் இழுவைப்படகு ஒன்றைக் கண்டு கத்தியதாம். "பரவாயில்லை, வேலை செய்யுது" என்றுவிட்டு மீன் கழுவப் போய்விட்டார். என் அப்பா தம்பிராசா இதுக்குமேல் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

4 ஜூன், புதன்

அந்தோனியாருக்குக் கொடி ஏறிவிட்டது. வள்ளமெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது. ஆளாளுக்குப் பெயின்ற் விசர். திருநாளுக்குப் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளிக்கும்போது பழைய நிறத்தோடு நிற்கிற வள்ளக்காரன் ஒருத்தரும் இல்லை.

அப்பா போனில்: "மகள், வரேக்க ரவுணில ஒரு டின் சில்வர் பெயின்ற் வாங்கிக்கொண்டு வா. பெரிய டின்."

"என்னத்துக்கு?"

"அணியத்துக்கு. உனக்கென்ன, கொண்டு வாவன்."

வள்ளத்து முன்மூக்குக்குப் பூச அவ்வளவு பெரிய டின்! நிலாவெளி பஸ்ஸில் மடியில் டின்னை வைத்துக்கொண்டு வந்தேன். மூடி கசிந்து என் நல்ல பாவாடையில் காசளவு சில்வர். கழுவினாலும் போகவில்லை. அப்பாவுக்கு ஏசினேன். சிரிக்கிறார் மனுசன்.

எனக்கு வேறு கடுப்பு. திருநாள் அன்றுதான் கொழும்பில் கூட்டமாம். கொம்பனி மனேஜர் ஸெய்னுதீன் சேருக்கு எடுத்துச் சொன்னேன். "திகதி மாத்த ஏலாது லதுஷா." பெட்டி பூட்டுகிற நுஸ்ரத் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிண்ணியா போகிறாள். அவளுக்கு லீவு, எனக்குக் கூட்டம். வட்டிலாப்பம் கொண்டுவராவிட்டால் அறைக்குள் விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

13 ஜூன், வெள்ளி. கொழும்பு

இந்நேரம் வள்ளங்கள் வரிசை கட்டிக் கடலில் சுற்றி வரும். அம்மா பாட்டுப் படிப்பா. நான் இங்கே ஏசிக் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறேன். என் போர்டைப் பற்றிக் கதைத்தது கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் பிஸ்கட்.

20 ஜூன், வெள்ளி

மாதாவே, என்ன நடக்குது?

திருநாள் முடிந்து கடலுக்குப் போன நாளில் இருந்து ஏழு பெட்டிகள் வாய் திறக்கவில்லை. மற்ற ஐந்தும் பழையபடி கத்துகின்றன. ஏழில் ஒன்று அப்பாவுடையது.

விடிய வந்து குசினிக் கதிரையில் இருந்தவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. "றோலர் ஒண்டு பக்கத்தால போச்சுது. கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பன்."

"பெட்டி கத்தேல்லையோ?"

"இல்லை. நான் அதை நம்பிக்கொண்டெல்லோ வலையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டா. அந்தப் பெட்டி இல்லாத காலத்தில் இந்த மனுசன் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றவர். நான் பூட்டினதால்தான் பார்க்காமல் விட்டார்.

"என்ன மாத்தினீங்கள் அப்பா? பற்றறி? வயர்? பூட்டின இடம்?"

"ஒண்டும் மாத்தேல்ல பிள்ளை."

மற்ற ஆறு பேருக்கும் போன் எடுத்தேன். ஒண்டும் மாத்தேல்ல. ஆறு பேரும் ஒரே வாய்.

போர்டைப் பெட்டியின் அடியால் மேசை லாச்சி மாதிரி இழுத்தெடுக்கும்படி வைத்தவள் நான். வள்ளத்துக்கு நாங்கள் போகத் தேவையில்லை. சொந்தக்காரரே கழற்றி ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வரலாம். அதை வரைந்த அன்று எனக்கு நானே ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். ஏழும் ஷொப்பிங் பையில் வந்தது. நுஸ்ரத் மீன் செதிலைத் துடைத்துப் பார்சல் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினாள்.

25 ஜூன், புதன்

பேனை தாளைக் கிழிக்குது. கோபத்தில.

ஸெய்னுதீன் சேர் போன் எடுத்தார். "ஏழும் இங்க மேசையில வச்சா நல்லா ஓடுது. கடல்ல ஓடல்ல. அப்ப என்ன அர்த்தம்? நீங்க கோடு வரைஞ்ச லேஅவுட் விளிம்பில நிக்குது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் ஆட்டம், விழுந்துடுது."

"எந்தக் கோட்டில சேர் விழுது?"

"அதப் பார்க்கத்தான் சிங்கப்பூர்ல ஒரு ஆலோசகர எடுக்கிறோம். இனி அவர் வரையட்டும். நீங்க லேஅவுட் பிழைண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வச்சு அனுப்புங்க. எல்லாப் பெட்டியையும் கழட்டச் சொல்லுங்க."

எல்லாப் பெட்டியையும். ஓடுகிற ஐந்தையும்!

"நான் வைக்கமாட்டன் சேர்."

"உங்களுக்கு வாய் கூட லதுஷா."

ஓம், கூடத்தான். என்ன இப்ப? பிழை எங்க எண்டு தெரியாது, ஆனால் பிழைகாரி ஆரெண்டு தெரியுமாம். கம்பஸில றேடியோ அலை படிச்ச ஒரே பெட்டை நான். "உமக்கு சொப்ட்வெயர் லேசு, அங்கால போம்" எண்டு எத்தனை பேர் வழி காட்டினவங்கள். போனனானோ? போகேல்ல. இப்பவும் போறேல்ல. அந்தப் போர்டில இருக்கிற ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். என்ர பிழையெண்டால் நானே காட்டித் தருவன். தெரியாத பிழைக்குக் கையெழுத்து வைக்க நான் என்ன பேய்ச்சியோ?

26 ஜூன், வியாழன்

ஏழையும் இரவு பஸ்ஸில் திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கினேன். தலைமயிர் காய வைக்கிற மிசினால் சூடாக்கினேன். ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன். நுஸ்ரத்தின் ஸ்கூட்டியில் கட்டிக் குண்டும் குழியுமான ஒழுங்கையெல்லாம் ஓடவிட்டேன். உப்புத்தண்ணி தெளித்தேன். பிறகு கைவசம் இருந்த புதுப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாய்ப் போட்டு ஜன்னலில் வைக்க, நுஸ்ரத் கீழே றோட்டில் தகரத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். ஏழும் கத்தின. ஒன்றுகூடத் தவறவில்லை.

"சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது புள்ள," என்றாள் மேலே வந்து. "ஒண்டு சொல்லவா? போர்ட் நல்லம். இந்தப் பெட்டி நல்லம். அப்ப நாம பாக்காதது என்ன?"

பாக்காதது கடலில நிக்கிற பெட்டி. கம்பத்தோடு ஆணி இறுக்கின வெளிக் கோது மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கு. அதை ஒருத்தரும் கொண்டு வரவில்லை. கொண்டு வரத் தேவையில்லாமல் செய்தவள் நான்.

27 ஜூன், வெள்ளி

சேர் திரும்பவும். "உங்கட வாப்பாட வள்ளம் எண்டதால உணர்ச்சிவசப்படுறீங்க." ஓம் சேர், படுறன். அதில சாகப்போறது உங்கட வாப்பா இல்லைத்தானே. இதைச் சொல்லிப்போட்டன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிப்போட்டன்.

திங்களுக்குள் கையெழுத்து வராவிட்டால் பரீட்சையை நிற்பாட்டி, என்னையும் அதில் இருந்து எடுப்பாராம்.

28 ஜூன், சனி

வள்ளத்துக்கு வருகிறேன் என்றதும் அம்மா குறுக்கே வந்தா. "பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில ஏறுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். பெட்டி கத்தேல்ல, சனமாவது கத்தட்டும்."

அப்பா ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார். வெயில் மண்ணில் கால் வைக்க ஏலாது. அவருடைய வள்ளம் அணியத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நீலமும் வெள்ளையும், அணியத்தில் சில்வர். வடிவுதான். கம்பத்தைப் பார்த்தேன்.

பெட்டி வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மினுங்குது.

நான் வாயடைத்துப்போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தரம் என்று நினைக்கிறேன். அப்பாவோ பெருமையாக, "எப்பிடி? மூண்டு பூச்சு. உன்ர சாமான் எல்லோ, சும்மா சாம்பல் நிறத்தில விட மனம் வரேல்ல. சுவாமியும் கேட்டவர், இதென்ன தம்பிராசா பூசைச் சாமானோ எண்டு."

"அப்பா! ஒண்டும் மாத்தேல்ல எண்டு சொன்னீங்களே!"

"மாத்தேல்லையே. பெயின்ற் தானே அடிச்சது. அது வருசா வருசம் அடிக்கிறதெல்லோ?"

ஐயோ கடவுளே. சில்வர் பெயின்ற் என்றால் அலுமினியத் தூள். மூன்று பூச்சு என்றால் என் அலைக்கு அது தகரக் கதவு. கோதுக்குள்ளேயே அலை முட்டித் திரும்புது. இவ்வளவு கிட்ட இருந்து திரும்பி வருகிறதெல்லாம் வள்ளத்தின் சொந்தக் கயிறும் கம்பமும், கணக்கெடுக்காதே என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அது சொல்வழி கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கு.

"மற்ற ஆறு பேரும்?"

"கேட்டாங்கள், டின்னில மிச்சம் இருந்தது, குடுத்தன்."

அந்த டின். நான் மடியில் சுமந்து வந்த டின்.

மண்ணிலேயே குந்தி இருந்து சிரித்தேன். பிறகு அழுதேன். அப்பா பயந்துவிட்டார். டேர்பன்டைன் வாங்கி வரச் சொல்லி, பழைய சாரத் துணியால் நானே வள்ளத்தில் ஏறி நின்று துடைத்தேன். கரையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது. போர்டை உள்ளே தள்ளி அப்பாவை ஒரு தெப்பத்தில் முன்னால் போகச் சொன்னேன். பெட்டி கத்தினது பாருங்கோ, கரைக்கே கேட்டது.

அப்பா திரும்பி வந்து துடைத்த துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். "அப்ப றோலர் வந்த அண்டைக்குப் பெட்டியின்ர கண்ணைக் கட்டினது நான்தான்."

"இல்லை."

"எழுது மகள். நான் அடிச்சதுதானே. எழுதிப்போட்டு உன்ர வேலையைக் காப்பாத்து."

30 ஜூன், திங்கள்

சேருக்குச் சொன்னேன். போனுக்குள்ளால் மூச்சு விட்டார். "அப்பாடா! அப்ப உங்கட பிழையும் இல்ல, எங்கட பிழையும் இல்ல. பாவிக்கிறவங்க பிழை. மீன்பிடிகாரங்க கருவியப் பழுதாக்கிட்டாங்க எண்டு எழுதி, பரீட்சைய மூடுவோம். உங்கட பேர் தப்பிச்சுது லதுஷா, சந்தோசப்படுங்க."

எவ்வளவு லேசு. போன கிழமை என் தலையில் கட்டப் பார்த்தது, இந்தக் கிழமை அப்பாவின் தலையில். ஆருடைய தலையில் எண்டாலும் சரி, கொழும்புத் தலையில இல்லாட்டிச் சரி.

"சேர், அதுக்கும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

வேணும். சொல்றன். நாளைக்குச் சொல்றன் எண்டு வைச்சிட்டன்.

1 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே எழுதி அனுப்பினேன். வள்ளத்துக்கு வருசா வருசம் பெயின்ற் அடிப்பார்கள். இந்தக் கரையில் சூரியன் உதிக்கிற மாதிரி அது நடக்கும். சூட்டை யோசித்தோம், உப்பை யோசித்தோம், ஆட்டத்தை யோசித்தோம், திருநாளை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, அந்த மண்ணில் புரண்டு வளர்ந்தவள். இது பாவிக்கிறவர் பிழை இல்லை. வடிவமைப்புப் பிழை. அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன், ஆனால் திருத்துகிறதும் நான்தான். சிங்கப்பூர்க்காரருக்கு அந்தோனியார் திருநாள் எப்போது என்று தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசி வரியை நுஸ்ரத் வெட்டச் சொன்னாள். வெட்டவில்லை.

பிறகு நாள் முழுக்க வரைந்தேன். இரண்டு வேலை. ஒன்று கோது: வாளி செய்கிற பிளாஸ்ரிக்கில் பெயின்ற் நிற்காது, இரண்டு வெயிலில் உரிந்து விழும். எங்கள் வீட்டு மீன் வாளியில் அப்பா எழுதின பேரெல்லாம் அப்படித்தான் போனது. அந்தச் சாதிப் பிளாஸ்ரிக்கில், அலைக்குத் தக்க தடிப்பில் வார்க்கவேண்டும். நிறத்தை உள்ளேயே கலந்துவிடலாம். நீலம் வேண்டுமோ நீலம், சிவப்பு வேண்டுமோ சிவப்பு.

இரண்டாவது போர்ட். அதுதான் என் சந்தோசம். அன்ரெனாவுக்குப் போகிற கோட்டுக்குப் பக்கத்தில், தொடாமல், இன்னொரு சின்னக் கோடு. மயிரிழை இடைவெளி. பெரிய கோட்டில் அலை முட்டித் திரும்பினால் சின்னதுக்குக் கேட்கும். அளவுக்கு மிஞ்சிக் கேட்டால், "என்னை மூடிப்போட்டாங்கள்" என்று பெட்டி கத்தும். சிவப்பு லைற்றும் எரியும். இடைவெளியை மாற்றி மாற்றிக் கணக்குப் பார்த்தேன். சாப்பிட மறந்துவிட்டேன். பாயிஸ் நானா கொத்துரொட்டிப் பார்சல் ஒன்றைப் படியில் வைத்துவிட்டு, "காய்ச்சல் கூடிட்டுது போல" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்.

9 ஜூலை, புதன்

சேரின் பதில், ஒரே வரி: ஒரு தரம் செய்து காட்டுங்கள், ஐந்து பெட்டியும் அதுவரை இருக்கட்டும்.

ஒரு தரம் போதும் எனக்கு.

22 ஆகஸ்ட், வெள்ளி

புதுப் போர்ட் வந்தது. பக்கத்துக் கோடு நான் வரைந்த இடத்தில் வரைந்தபடி கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாது, தெரியும்.

வாளிப் பிளாஸ்ரிக்கில் பெயின்ற் நிற்குமோ என்று பார்க்க நுஸ்ரத் சில்வர் பூசினாள். காய்ந்ததும் நகத்தால் சுரண்ட, பாளம் பாளமாக வந்தது. பிறகு பழைய கோது ஒன்றுக்கு வேண்டுமென்றே மூன்று பூச்சு அடித்து உள்ளே போர்டைத் தள்ளினோம். தள்ளினதுதான் தாமதம், சிவப்பு லைற், காதைக் கிழிக்கிற சத்தம். கீழே பாயிஸ் நானா கடையில் நின்றவர்களெல்லாம் றோட்டுக்கு ஓடினார்கள். கொழும்பில் இருந்து வந்திருந்த ஸெய்னுதீன் சேர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! விளங்கிட்டு!"

நான் உடனே நிற்பாட்டவில்லை. கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று விட்டேன்.

போகும்போது படியில் நின்று, "திருநாள் எப்பண்டு சொன்னீங்க?" என்று கேட்டார். ஜூன் பதின்மூன்று என்றேன். போனில் குறித்துக்கொண்டார். சிங்கப்பூர்க்காரரின் பேரை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

14 டிசம்பர், ஞாயிறு

வாடைக்காற்று. கடல்தொழில் இல்லை. அப்பா வீட்டில் இருந்து எல்லோருக்கும் தொல்லை. பெட்டிக்கு என்ன நிறம் வார்க்கச் சொல்ல என்று கேட்டேன். "என்னைக் கேக்காத, நான் நிறத்தில கையே வைக்கமாட்டன்" என்கிறார். இன்னும் அந்த றோலரை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். நானே சிவப்பு என்று எழுதினேன்.

3 ஜூன் 2026, புதன்

நாளைக்குக் கொடி. கரை முழுக்கப் பெயின்ற் மணம். இந்தத் தரம் வள்ளத்துக்கு வள்ளம் பெட்டி இருக்கு, எண்ணிப் பார்க்கவில்லை. பழைய கோதுகளை மாற்ற நுஸ்ரத் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் இறக்கக்கண்டியில் இருந்து கலீலுர் றஹ்மான் காக்கா போன் எடுத்தார். கோது மாற்றாத பெட்டி அவருடையது, போர்ட் மட்டும் புதுசு. சொல்லியும் கேளாமல் பெட்டிக்குச் சில்வர் அடித்திருக்கிறார். பின்னால் கேட்கிற சத்தத்தில் அவர் கதைக்கிறதே விளங்கவில்லை. "இந்தச் சனியன் வாயை மூடுதில்ல புள்ள! என்ன செய்ய?"

"சுரண்டுங்கோ காக்கா."

"சுரண்டிக்கொண்டுதான் இரிக்கன்! என்னா வாய் இதுக்கு!"

போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்க அப்பாவின் அழைப்பு. கொஞ்சம் இழுத்தார். தொண்டையைச் செருமினார்.

"மகள்... வரேக்க..."

"சொல்லுங்கோ."

"சில்வர் ஒரு டின். அணியத்துக்கு மட்டும்தான். சின்ன டின் காணும்."

பெரிய டின்னாக வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடி இந்தத் தரமும் கசிந்தது. போன வருசம் சில்வர் பட்ட பாவாடையைத்தான் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.